பால் இல்லாத ஸ்மூத்தி: நல்ல பாக்டீரியா மாட்டை விட்டு வெளியே வந்த கதை

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்கள் மட்டும் நீக்கப்பட்டிருக்கின்றன.)



இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்குது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ஜிம் முடிச்சிட்டு வர்ற வழியில சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜ்ல ஒரு பாட்டில் எடுத்தேன். முன்பக்கம் மாம்பழப் படம். அதுக்குக் கீழ பெரிய எழுத்துல ‘ப்ரோபயாடிக் ஸ்மூத்தி’, ‘வயிற்றுக்கு நல்லது’. குடிச்சு முக்கால் மணி நேரம்கூட ஆகல, என் வயிறு ஒரு கல்யாண மேளமே வாசிச்சது. வீட்டுக்கு ஓடி வந்து, எல்லாம் அடங்கின பிறகு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தா, பின்பக்கம் பொடி எழுத்துல ‘பால் திடப்பொருள்’னு போட்டிருக்கு.

எனக்குப் பால் ஒத்துக்காது. லாக்டோஸ் பிரச்சினை. அம்மா கேட்டாங்க, “வயித்துக்கு நல்லதுன்னு எழுதினவன் யாரோட வயித்துக்குன்னு எழுதலையா?”

அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியான்னு சொன்னாலே ஏன் எல்லாரும் பாலையே நீட்டுறாங்க? அதுக்கும் இதுக்கும் அப்படி என்ன உறவு? தேடிப் போனப்ப 120 வருஷக் கதை ஒண்ணு கிடைச்சது. பாரிஸ், ஜப்பான், அமெரிக்கா, ஸ்வீடன்னு நாலு ஊர் சுத்தி வரும். கடைசியில நம்ம வீட்டு மிக்ஸிக்கே வந்து சேருவோம்.

சாவைக் கண்டு சலித்த மனிதர்

கதை எலி மெச்னிகாஃபில் தொடங்குகிறது. 1845இல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் பக்கத்தில் பிறந்த உயிரியலாளர். முதல் மனைவி காசநோயில் 1873இல் இறந்துபோனார். அந்தத் துயரத்திலும் பிறகு வந்த இன்னொரு நெருக்கடியிலும் இரண்டு முறை தன் உயிரை விட முயன்று பிழைத்தவர். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் குஞ்சுப் பருவ உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். நகரும் செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் உடம்புக்குள் கிருமியை விழுங்கும் காவல்காரச் செல்கள் இருக்கின்றன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. இந்த ஆராய்ச்சிக்காக 1908இல் பால் எர்லிக்குடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

வாழ்க்கையே வேண்டாம்னு இருந்த இந்த மனுஷர், வயசான பிறகு முழுக்க மாறிட்டார். மனிதன் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழடாகிறான் என்பதே அவருடைய கேள்வியாகிவிட்டது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் உட்கார்ந்து அவர் சொன்ன பதில் இது: பெருங்குடலில் உணவு அழுகுகிறது, அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு உடம்பு முழுக்கப் பரவி நம்மை முதுமையாக்குகிறது.

அப்படியென்றால் மருந்து? புளிப்பு. பால் புளித்தால் கெடாமல் நிற்கிறதே, அதே அமிலப் பாக்டீரியாவைக் குடலுக்குள் அனுப்பினால் அங்கேயும் அழுகல் நிற்கும் என்று கணக்குப் போட்டார். பல்கேரியாவில் புளித்த பால் குடிக்கும் கிராமத்து மக்கள் நீண்ட நாள் வாழ்வதாக வந்த செய்திகளும் அவருக்குத் துணை நின்றன. ஸ்டாமன் கிரிகோரோவ் என்ற இளம் பல்கேரிய மருத்துவர் 1905இல் ஜெனீவாவில் அந்த ஊர்த் தயிரிலிருந்து ஒரு கோல் வடிவப் பாக்டீரியாவைப் பிரித்திருந்தார். மெச்னிகாஃப் அதைப் பிடித்துக்கொண்டார். தானே தினமும் புளித்த பால் குடித்தார். 1907இல் ஆயுளை நீட்டிப்பது பற்றி அவருடைய புத்தகம் வந்தது.

உலகம் முழுக்க ஒரு தயிர் அலை அடித்தது. பாரிஸில் அந்தப் பாக்டீரியாவை ‘லாக்டோபாசிலின்’ என்ற பெயரில் விற்றார்கள். 1919இல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் தயிர் செய்து மருந்துக்கடைகளில் விற்றார். கம்பெனிக்குத் தன் பையன் டேனியலின் செல்லப் பெயரை வைத்தார். அதுதான் டனோன்.

இப்ப கொஞ்சம் நிறுத்துவோம். மெச்னிகாஃப் சொன்னதுல எவ்வளவு நிரூபணம் இருந்தது? ரொம்பக் கம்மி. புளித்த பால் குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. பெருங்குடலே விஷத் தொட்டி என்ற எண்ணம் இன்னொரு பக்கம் போய் லண்டனில் நின்றது. வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். சிலர் அந்த அறுவையிலேயே இறந்தார்கள். அழகான ஒரு கோட்பாடு நிரூபணத்துக்கு முன்னாடி ஓடினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இது ஒரு பாடம்.

மெச்னிகாஃப் 1916இல், 71 வயதில், இதய நோயில் இறந்தார். பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் ஆராய்ந்து பார்த்ததில் இன்னொரு அடி விழுந்தது. பல்கேரியத் தயிர்ப் பாக்டீரியா மனிதக் குடலில் குடியேறி வாழ்வதில்லை என்று தெரிந்தது. விருந்தாளி வாசல் வரைக்கும் வர்றார், உள்ளே தங்குறதில்ல.

ஜப்பானின் சின்ன பாட்டில்

அப்போ குடல் வரைக்கும் உயிரோட போகிற பாக்டீரியா வேணும். இந்த வேலையை எடுத்தவர் மினோரு ஷிரோட்டா. 1899இல் நாகானோ மலைப் பகுதியில் பிறந்தவர். தொற்றுநோயில் குழந்தைகள் சாவதைப் பார்த்து வளர்ந்தவர். நோய் வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் தடுக்க வேண்டும் என்று நினைத்தார். கியோட்டோ பல்கலைக்கழகத்தில், வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கி நிற்கும் ஒரு பாக்டீரியா வகையை 1930இல் தேர்ந்தெடுத்து வளர்த்தார். 1935இல் அதை வைத்து ஒரு பானம் விற்பனைக்கு வந்தது. பெயர் யாகுல்ட். உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் தயிருக்கு உள்ள சொல்லிலிருந்து எடுத்தது. 1963இல் வீடு வீடாகப் பெண்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை வந்தது. 1968இல் கண்ணாடி பாட்டில் போய், இன்னைக்கு நாம பார்க்கிற இடுப்பு ஒடுங்கின சின்ன பிளாஸ்டிக் பாட்டில் வந்தது.

இந்த இடத்துல ஒரு முரண் இருக்கு, கவனிங்க. அந்தப் பானத்தோட அடிப்படை, கொழுப்பு நீக்கிய பால். அது பிறந்த ஜப்பானிலோ பெரியவர்களில் பெரும்பான்மையோருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. ஜப்பான் மட்டுமில்ல. உலகத்தில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான். குழந்தையாக இருக்கும்போது எல்லோருக்கும் லாக்டேஸ் என்ற நொதி சுரக்கும். அது பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும். தாய்ப்பால் நிறுத்திய பிறகு பலருக்கும் அந்தச் சுரப்பு குறைந்துவிடும். வளர்ந்த பிறகும் அது நிற்காமல் சுரப்பதுதான் மரபணு மாற்றத்தால் வந்த புது விஷயம். வட ஐரோப்பாவிலும், மாடு மேய்த்த சில சமூகங்களிலும் அது பரவியது.

அதாவது, பால் குடிச்சா வயிறு உப்புதுன்னு சொல்றவங்க ‘வீக்’ கிடையாது. மனுஷ உடம்போட பழைய ஏற்பாடே அதுதான்.

சின்ன பாட்டில், புளித்த பால் என்பதால் பலருக்கு அது தொந்தரவு தருவதில்லை. ஆனால் அதையே பெரிய கிளாஸ் மில்க்‌ஷேக் அளவுக்கு நீட்டும்போது கதை மாறிவிடும். நான் குடிச்சது அந்த வகைதான்.

மில்க்‌ஷேக் குடிக்க முடியாத பையன்

இப்ப ஸ்மூத்தி பக்கம் வருவோம். அதுக்கு முதல்ல மிஷின் வேணும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரசீன் என்று ஓர் ஊர். ஹார்லிக்ஸ் கம்பெனி இருந்த ஊர். ஆமா, நம்ம வீட்டு ஷெல்ஃப்ல இருந்த அதே ஹார்லிக்ஸ். மால்ட் பால் கலக்குவதற்காக, கோப்பையின் அடியில் சுழலும் பிளேடு வைத்த கருவிக்கு 1922இல் அந்த ஊர் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி காப்புரிமை வாங்கினார். ஆக பிளெண்டரும் பாலுக்காகப் பிறந்ததுதான். 1930களின் கடைசியில் ஃபிரெட் வாரிங் என்ற இசைக்குழுத் தலைவர் பணம் போட்டு, தன் பெயரிலேயே ஒரு பிளெண்டரை ஊரெல்லாம் பிரபலமாக்கினார்.

அடுத்து, லூசியானாவில் ஸ்டீவ் குனாவ். பதின்வயதில் சோடா கடையில் வேலை. நாள் முழுக்க மத்தவங்களுக்கு மில்க்‌ஷேக் அடிச்சுக் கொடுக்கணும், அவர் குடிக்க முடியாது. அவருக்கும் லாக்டோஸ் ஒத்துக்காது. வீட்டில் அம்மாவின் பிளெண்டரை எடுத்து, பழம், ஜூஸ், ஐஸ், கொஞ்சம் புரதப் பொடி என்று போட்டுப் பார்த்தார். 1973இல் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கடை திறந்தார். அதுதான் ஸ்மூத்தி கிங் என்ற பெரிய சங்கிலிக் கடையாக வளர்ந்தது. ‘ஸ்மூத்தி’ என்ற சொல் அவருக்கு முன்பே கலிஃபோர்னியாவின் ஆரோக்கிய உணவுக் கடைகளில் இருந்தது. ஆனால் ஸ்மூத்தியை ஊரறிந்த வியாபாரமாக்கியவர்களில் முக்கியமானவர், பால் குடிக்க முடியாத ஒருத்தர்.

பிறகு என்ன ஆச்சு? கடைகள் பெருகின. கெட்டியா வரணும்னு தயிரைச் சேர்த்தாங்க, ஃப்ரோஸன் யோகர்ட்டைச் சேர்த்தாங்க. பாலை விட்டு ஓடி வந்தவர் வளர்த்த பானத்துக்குள்ளயே பால் திரும்ப வந்து உட்கார்ந்துருச்சு.

லுண்ட்: ஆஸ்பத்திரிக் கஞ்சி

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஊர் இதுதான். ஸ்வீடனின் தெற்கில் லுண்ட். பழைய பல்கலைக்கழக ஊர். பெரியவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாததற்கு லாக்டேஸ் நொதிக் குறைவுதான் காரணம் என்று 1963இல் காட்டியவர்களில் ஒருவர் அங்கே இருந்த அர்னே டால்க்விஸ்ட். அவருடைய மாணவர் ரிக்கார்ட் ஓஸ்ட், பின்னாளில் ஓட்ஸிலிருந்து பால் போன்ற ஒரு பானம் செய்தார். இன்று கஃபேக்களில் பார்க்கும் ஓட்லி அந்த வழியில் வந்தது.

அதே ஊரில் இன்னொரு குழு. அறுவை மருத்துவர் ஸ்டிக் பெங்மார்க், நுண்ணுயிரியலாளர் யோரான் மோலின் போன்றவர்கள். அவர்களுடைய கவலை, தீவிர சிகிச்சையில் கிடக்கும் நோயாளிகள். பெரிய அறுவைக்குப் பிறகு குழாய் வழியாக உணவு போகும். ஆன்டிபயாடிக் கொடுத்ததில் குடலின் நல்ல பாக்டீரியாக்களும் செத்திருக்கும். அங்கிருந்து தொற்று பரவும். அந்தக் குழாய் உணவிலேயே நல்ல பாக்டீரியாவை உயிரோடு அனுப்ப முடியுமா என்று யோசித்தார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது கஞ்சி. ஓட்ஸ் மாவும் கொஞ்சம் முளைகட்டிய பார்லி மாவும் சேர்த்துக் காய்ச்சி, அதில் லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவை விட்டுப் புளிக்க வைத்தார்கள். மனிதக் குடலிலிருந்தே எடுத்த வகை அது. 299வி என்று எண் போட்டிருந்தார்கள். இந்தப் பாக்டீரியா இனத்துக்குப் பால் தேவையே இல்லை. புளித்த முட்டைகோஸில் இருக்கும், ஆலிவ் ஊறுகாயில் இருக்கும், நைஜீரியாவின் ஓகி என்ற புளிக்கஞ்சியில் இருக்கும். செடிகொடியில் வாழத் தெரிந்த ஜீவன்.

1994இல் அந்தக் கஞ்சி கடைக்கு வந்தது. பழச்சாறு பானத்தில் 5 சதவீதம் மட்டும் அந்தப் புளித்த ஓட்ஸ் கஞ்சியைக் கலந்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 5 கோடி பாக்டீரியா. பெயர் ப்ரோவிவா. பால் இல்லாத முதல் ப்ரோபயாடிக் உணவுப்பொருள்களில் ஒன்று. அதை விற்றது யார் தெரியுமா? ஸ்கோனமேயரியர் என்ற பால் கம்பெனி! பால் நல்லாச் செரிக்கிற ஜனங்க இருக்கிற நாட்டுல, பால் கம்பெனியே பால் இல்லாத பழ பானத்தை வித்தது.

நம்ம ஊர்ல இதைக் கேட்டா பாட்டி சிரிப்பாங்க. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலையில நீராகாரம் குடிச்ச வீடு நம்மளது. தானியம், தண்ணி, ஒரு ராத்திரி, அதே லாக்டிக் அமிலப் பாக்டீரியா குடும்பம். மோர் விடாமல் உப்பும் சின்ன வெங்காயமும் மட்டும் போட்டுக் குடிக்கும்போது அதில் ஒரு துளி பால் கிடையாது. இட்லி மாவு பொங்கிறதும் இந்தக் குடும்பத்தோட வேலைதான். ஆனால் இட்லியை வேக வைக்கிறோம், பாக்டீரியா செத்துடும். நீராகாரத்தை அப்படியே குடிக்கிறோம். இந்த வித்தியாசம் முக்கியம். கடைசியில மறுபடி வரும்.

கண்ணாடி ஜாடியில ஒரு கூட்டம்

கடைப் பாட்டில் வாங்காம வீட்டிலேயே செய்ய முடியுமா? அதுக்கும் பழைய வரலாறு இருக்கு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீடுகளில் இஞ்சி பியர் செய்ய ஜெல்லி மாதிரி ஒரு கட்டியைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். ‘இஞ்சி பியர் செடி’ என்று பெயர். ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1892இல் அதை ஆராய்ந்து, அது செடியே இல்லை, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் ஒரு கூட்டுக் குடும்பம் என்று காட்டினார். மெக்சிகோவிலும் சப்பாத்திக் கள்ளியோடு தொடர்புடைய ‘டிபி’ என்ற இதே மாதிரிப் பளபளப்பு மணிகளைப் பற்றி 1899இல் ஓர் ஆய்வு வந்தது. இன்னைக்கு நாம ‘வாட்டர் கேஃபிர்’னு சொல்றது இந்த வகையறாதான். சர்க்கரைத் தண்ணியில் போட்டால் ஓரிரு நாளில் லேசாகப் புளித்து, கேஸ் ஏறிய பானம் ரெடி. பாலே கிடையாது.

நான் முதல் தடவை செய்தப்ப பாட்டில் மூடியை இறுக்கி மூடிட்டு ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா கிச்சன் சுவர் முழுக்க ஒட்டுது, தரையில கண்ணாடித் துண்டு. ஈஸ்ட் சும்மா இருக்காது மக்களே. கேஸ் போக வழி விடுங்க.

மிக்ஸிக்கு வருவோம்

ரெண்டு பேருக்கு: ஃப்ரீசரில் வைத்த வாழைப்பழம் ஒண்ணு, நறுக்கின மாம்பழமோ பப்பாளியோ ஒரு கப், ஊறவெச்ச முந்திரி நாலஞ்சு. வாழைப்பழமும் முந்திரியும்தான் தயிர் கொடுக்கிற கெட்டித் தன்மையைக் கொடுக்கும். முதல்ல இதை நல்லா அரைச்சிடுங்க. தண்ணி வேணும்னா குளிர்ந்த இளநீர் விடுங்க. கடைசியில முக்கால் கப் வாட்டர் கேஃபிரோ கொம்புச்சாவோ ஊத்தி, சும்மா ரெண்டு சுத்து.

ஏன் கடைசியில? பிளேடு பாக்டீரியாவை வெட்டிடும்னு பயப்பட வேண்டாம். பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளம். அதுக்குப் பக்கத்துல நம்ம பிளேடு விளிம்பு ஒரு மலை மாதிரி. எதிரி சூடுதான். மிக்ஸி ரொம்ப நேரம் ஓடினால் ஜாருக்குள் சூடேறும். இன்னொரு காரணம், கேஸ் உள்ள பானத்தை மூடி போட்டு வேகமா அடிச்சா மூடி பறக்கும். ஜார் பாதிக்கு மேல வேண்டாம். அடிச்ச உடனே குடிச்சிடுங்க. மூடி போட்டு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, பழச் சர்க்கரை கிடைச்சதும் ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. வீட்டில் புளிக்க வைக்கும் பானத்தில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

பெயர் யாருக்குச் சொந்தம்?

கடைசியா ஒரு நேர்மையான விஷயம். நீங்க வீட்டில் செய்ததை ‘ப்ரோபயாடிக்’னு சொல்லலாமா? கண்டிப்பான அர்த்தத்தில், கூடாது. 2001இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு ஒரு வரையறை சொன்னது. உயிரோடு இருக்கணும், போதுமான அளவில் இருக்கணும், உடம்புக்கு நல்லது செய்யணும். மூணும் தெரிஞ்சிருக்கணும். நம்ம ஜாடியில் உயிர் இருக்கிறது. எந்த வகை, எத்தனை, என்ன செய்யும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அது புளித்த பானம். நல்ல பானம். அவ்வளவுதான். நீராகாரத்துக்கும் இதேதான். கொம்புச்சாவில் சில கடைச் சரக்கு சூடுபடுத்தி வருகிறது. அதில் உயிரே இருக்காது. லேபிளைப் படிங்க.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘ப்ரோபயாடிக்’ என்று பாட்டிலில் போடுவதே ஆரோக்கிய உரிமைகோரல் என்று எடுத்துக்கொண்டு, நிரூபணம் கேட்டார்கள். வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை விழுந்தன. உயிருள்ள பாக்டீரியாவுக்கு ஒரே ஒரு கூற்று தேறியது. எது தெரியுமா? தயிரில் இருக்கும் உயிருள்ள பாக்டீரியா, அந்தத் தயிரில் உள்ள லாக்டோஸைச் செரிக்க உதவும் என்பது. அதில் ஒன்று, குடலில் தங்காது என்று கைவிடப்பட்ட அதே பல்கேரியப் பாக்டீரியா.

சிரிச்சுட்டேன் நான். மெச்னிகாஃப் அதை நம்பி 150 வயசுன்னு கனவு கண்டார். நூறு வருஷம் கழிச்சு அதிகாரப்பூர்வமா மிஞ்சினது, தான் வந்த பாலைத் தானே கொஞ்சம் செரிக்க வைக்கும்ங்கிறது மட்டும். சின்ன உண்மை. ஆனா உண்மை.

அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பாட்டிலில் ‘வயிற்றுக்கு நல்லது’ன்னு எழுதினவங்க மனசுல இருந்தது பால் செரிக்கிற வயிறு. அப்படிப்பட்டவங்க உலகத்துல மூணுல ஒரு பங்குதான். அதனால அடுத்த தடவை பாட்டிலை எடுத்தா முதல்ல திருப்பிப் பின்பக்கம் பாருங்க.

இந்த வாரம் யாராவது வாட்டர் கேஃபிர் போட்டுப் பார்த்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. சுவரைத் துடைச்ச கதையா இருந்தாலும் பரவாயில்ல. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.